ம் கொட்டும் அறை

“செத்தவங்களுக்கு எதுக்கும்மா நர்ஸு?”

புது வேலைக்கான உத்தரவு வந்த அன்று மாமியார் அவளிடம் இப்படித்தான் கேட்டார். கையில் வெங்காயம், கண்ணில் நீர். அந்த நீர் வெங்காயத்தால் வந்ததா, மருமகள் பிணவறைக்கு வேலைக்குப் போகிறாளே என்ற கவலையால் வந்ததா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியாது.

“செத்தவங்களுக்கு இல்ல அத்தை. உயிரோட இருக்கவங்களுக்குத்தான். யாராவது அடிச்சு, கழுத்தப் பிடிச்சு, அதைவிட மோசமா ஏதாவது பண்ணி, அப்படி வர்றாங்கல்ல, அவங்களுக்கு. காயத்துக்கு மருந்தும் போடணும், அந்தக் காயம் நாளைக்குக் கோர்ட்ல போய்ப் பேசற மாதிரி பத்திரமா எடுத்தும் வைக்கணும். அதான் தடயவியல் நர்ஸ்.”

“காயம் பேசுமா?”

“கேக்கற மாதிரி கேட்டா பேசும்.”

மாமியார் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். “என்னமோ. பேசறது எல்லாம் அங்கயே பேசட்டும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துராத.”

அவள் சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒதுக்கிய அறை பழைய கட்டடத்தின் கடைசியில் இருந்தது. எக்ஸ்ரே அறையைத் தாண்டி, உடைந்த சக்கர நாற்காலிகளைக் குவித்து வைத்திருந்த மூலையைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே போனால் வெளிநோயாளிகள் பகுதியின் இரைச்சல் துணியில் சுற்றி வைத்த மாதிரி மங்கிவிடும். பாதிச் சுவர்வரை வெள்ளை ஓடு. பால் நிறக் கண்ணாடி போட்ட ஒரே ஜன்னல். தரை நான்கு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்திருந்தது. எந்த மூலையில் தண்ணீரைக் கொட்டினாலும் நடுவிலிருந்த சல்லடை மூடிக்குத்தான் ஓடும். சுவரில் ஒரு குழாய், அதன் வாயில் ரப்பர் ஓஸ் மாட்டியிருந்த தடம்.

கூட்டிப் பெருக்க வந்த அம்மாளை ஆஸ்பத்திரி முழுக்க ஃபினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். வந்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

“இந்த ரூமையா குடுத்தாங்க உங்களுக்கு? பெரிய டாக்டருக்கு வேற இடமே கிடைக்கலையாமா?”

“ஏன்க்கா, இதுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. முன்னாடி இது கழுவுற ரூம்.”

“துணியா?”

“துணியைக் கழுவ எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பெரிய ரூமு?” ஃபினாயில் அக்கா குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்காரங்க இருக்கற பிரேதம் நேரா வீட்டுக்குப் போயிரும். கேக்க ஆளில்லாதது எல்லாம் இங்க வரும். ஓஸைப் போட்டுப் புரட்டிப் புரட்டிக் கழுவுவாங்க. இப்ப அதெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிருச்சு.”

“எல்லாம் போயிருச்சுல்ல?”

“சாமான் எல்லாம் போயிருச்சு” என்றார் அக்கா. பிறகு வாசலில் நின்றபடியே, நீளக் கம்பு வைத்த மாப்பை உள்ளே நீட்டி, எட்டிய தூரம்வரை துடைத்துவிட்டு, எட்டாத இடத்தைப் பார்க்காதவர் போலப் போய்விட்டார்.

அவள் மேசையை இழுத்துப் போட்டாள். காகிதப் பைகள், பஞ்சுக் குச்சிகள், அளவுகோல், கேமரா எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாள். தனக்குத் தானே பேசிக்கொண்டு வேலை செய்வது அவள் பழக்கம்.

“நாற்காலிய இப்படி ஜன்னல் பக்கம் போடலாமா?”

“ம்.”

ஃபினாயில் அக்கா இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று திரும்பினாள்.

வாசலில் யாரும் இல்லை. நடையின் மறுகோடியில் வாளி தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

பழைய கட்டடம், பழைய குழாய்கள். குழாய்க்குள் காற்று அடைத்தால் எத்தனையோ விதமாகச் சத்தம் வரும். அவள் நாற்காலியை ஜன்னல் பக்கமே போட்டாள்.

அவள் வேலையில் எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு கேள்வி உண்டு. தொடலாமா? அவளிடம் வருகிறவர்களை ஏற்கெனவே யாரோ கேட்காமல் தொட்டிருக்கிறார்கள். அதனால் மருந்து போடும் கையாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ஒருமுறை கேட்டு முடித்துவிடுகிற கேள்வியும் இல்லை அது. கையைத் தொடலாமா, முடியை விலக்கலாமா, காதுக்குப் பின்னால் பார்க்கலாமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு தடவை. பதில் வரும்வரை கை காற்றிலேயே நிற்க வேண்டும். வராவிட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். காயம் கண்ணுக்கு முன்னால் கத்தினாலும் சரி.

நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வார்டுப் பையன்கள் அவளுக்குத் தடயக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் கேட்பாள், வந்தவர்கள் “ம்” என்பார்கள். அடிபட்டு வருகிறவர்களுக்கு முழு வார்த்தை எங்கே வரும்? மேசைப் பக்கம் திரும்பி, பஞ்சுக் குச்சியை நனைத்துக்கொண்டே கேட்பாள். முதுகுக்குப் பின்னாலிருந்து “ம்” வரும். திரும்பி வேலையைத் தொடங்குவாள்.

சில சமயம் திரும்பும்போது வந்தவளின் முகம் சம்மதித்த முகமாக இருக்காது. பயத்தில் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு மறுபடி ஒருமுறை கேட்பாள். அப்போது தலை மட்டும் அசையும்.

இன்னொன்றும் இருந்தது. வந்தவர்கள் நின்று உடை மாற்றுவதற்குத் தரையில் பெரிய வெள்ளைத் தாள் விரிப்பாள். உடம்பிலிருந்து மண்ணோ நூலோ முடியோ எது உதிர்ந்தாலும் அதில் விழும், அப்படியே மடித்து எடுத்து வைக்கலாம். மறுநாளைக்கென்று மாலையில் விரித்துவிட்டுப் பூட்டிப் போன தாள், காலையில் நடுவில் நமுத்துப் போய்ச் சுருங்கியிருக்கும். அறையில் ஈரத் தலைமுடியின் வாசனை இருக்கும். குளித்துவிட்டுத் துவட்டாமல் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த வாசனை.

கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தாள். ஆள் வந்து ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், சொட்டு ஈரம் இல்ல. காஞ்ச எலும்பு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள்.

அவசரப் பிரிவு டாக்டர் அனுப்பி வைத்திருந்தார். துப்பட்டாவைக் கழுத்தில் இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். கூடவே கணவன், கையில் மடக்கிய குடை. படிய வாரிய தலை. பேச்சில் அவ்வளவு மரியாதை.

“மாடிப்படில விழுந்துட்டா சிஸ்டர். பாத்து நடன்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்.”

“படி கழுத்துலயா பட்டுச்சு?”

“விழற வேகத்துல எங்க படுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“நீங்க சொல்லுங்கம்மா. என்ன ஆச்சு?”

“அவளால பேச முடியாது சிஸ்டர். தொண்டை கட்டியிருக்கு. நானே சொல்லிடறேன்.”

“நீங்க சொல்ல வேண்டியத போலீஸ் வந்து கேப்பாங்க. இப்ப வெளிய இருங்க. இந்த ரூமுக்குள்ள ரெண்டாவது ஆளுக்கு அனுமதி இல்ல.”

அதைச் சொல்லும்போதே அவளுக்கு நாக்கு ஒரு கணம் தயங்கியது. ஏன் என்று தெரியவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து எதையோ சொல்லப் பார்த்தாள். பழைய காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. துப்பட்டா சற்று நழுவிய இடத்தில் நீலம் தெரிந்தது.

எந்தப் படியும் அப்படிப் பிடிக்காது.

நர்ஸ் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். “பாருங்கம்மா. கழுத்துல கை பட்ட இடத்துல, பிடிச்சவரோட வேர்வையும் தோலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இன்னைக்கு எடுத்தாத்தான் உண்டு. வீட்டுக்குப் போயி ஒரு தடவை குளிச்சீங்கன்னா தண்ணியோட போயிரும். அப்புறம் அவர் சொல்றதுதான் கதை. இன்னைக்குக் குரல் போயிருக்கு. அடுத்த தடவை மூச்சே போயிரலாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லல. கழுத்தப் பிடிக்கற கை மறுபடியும் அங்கதான் வரும்.”

பெண்ணின் கண் கதவுக்கே போய்ப் போய் வந்தது.

“முடிவு உங்களோடது. வேண்டாம்னா நான் தொட மாட்டேன்.”

எழுந்து மேசைப் பக்கம் திரும்பினாள். பஞ்சுக் குச்சியின் உறையைப் பிரித்தாள். நீர் விட்டு நனைத்தாள். மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.

“கழுத்தத் தொடலாமா?”

“ம்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. குச்சியோடு திரும்பினாள்.

பெண் இரண்டு கையாலும் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. தலை மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று இப்படியும் அப்படியும் ஆடியது.

அவள் கண் நர்ஸைப் பார்க்கவில்லை. நர்ஸின் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

“நான் சொல்லல” என்றாள் பெண், அந்தக் கிழிந்த குரலில்.

ஆமாம். இந்தத் தொண்டையில் அந்த “ம்” வந்திருக்க முடியாது. அது முழு “ம்”. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரியான “ம்”.

ஈரத் தலைமுடியின் வாசனை நெருங்கி வந்தது.

இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் கேட்ட “ம்”களை அவள் நினைத்துப் பார்த்தாள். அவற்றில் எது யாருடையது? யாருடைய வாயிலிருந்து வந்த சம்மதத்தை வாங்கிக்கொண்டு அவள் யாரைத் தொட்டிருக்கிறாள்?

கையில் குச்சி தயாராக இருந்தது. கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சம்மதம் என்று காதில் விழுந்துமிருக்கிறது. எடுத்துவிட்டால் இந்தப் பெண் பிழைப்பாள். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அவள் கையைத் தாழ்த்தினாள். தோளுக்குப் பின்னால் இருந்ததைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“உங்களக் கேக்கல. இவங்களக் கேட்டேன்.”

 மழை எட்டிப் போன மாதிரி இருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

“சிஸ்டர், இன்னும் முடியலையா? உள்ள வரலாமா?”

“ம்.”

கைப்பிடி திரும்பியது.

கதவு தாழ்ப்பாளில் முட்டி அதிர்ந்தது. மறுபடி முட்டியது. பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தமில்லாமல் அலறுவது எப்படி என்று அவள் வீட்டில் கற்றிருந்தாள் போலிருக்கிறது.

“வரக் கூடாது” என்றாள் நர்ஸ் உரக்க.

“நீங்கதானே ம்னு சொன்னீங்க?”

“நான் சொல்லல.”

“அப்ப அவ சொன்னாளா? அவ சொல்லிட்டான்னா சரிதானே. என் பொண்டாட்டி.”

“அவங்களும் சொல்லல. கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க. போலீஸ் வந்துட்டிருக்காங்க.”

கைப்பிடி மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

பெண் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள். தொண்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, வார்த்தைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.

“எனக்குப் பதிலா... எப்பவும் யாராவது ஒருத்தர்... சரின்னு சொல்லிடுவாங்க. கல்யாணத்துக்கும் அப்படித்தான்.”

“இங்க நீங்கதான் சொல்லணும். ம்னு சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன். இந்த ரூம்ல அது செல்லாது. வார்த்தையா சொல்லுங்க.”



பெண் துப்பட்டாவை அவிழ்த்து மடியில் வைத்தாள்.

“தொடுங்க” என்றாள்.

அதன்பிறகு நர்ஸுக்குப் பயப்பட நேரம் இல்லை. தரையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பெண்ணை நிற்க வைத்தாள். காதுக்குக் கீழே கட்டைவிரல் அழுந்திய நீலம், மறுபக்கம் நான்கு விரல்கள், நகம் பதிந்த பிறைகள். இமையைத் தூக்கிப் பார்த்தால், மூச்சை அடைத்ததற்கு அடையாளமாகக் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பெண் “பாருங்க”, “எடுங்க”, “தொடுங்க” என்று வாய் திறந்து சொன்னாள். போகப் போக அந்தக் கிழிந்த குரல் கொஞ்சம் தேறியதுபோல் இருந்தது.

சிலசமயம் அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே ஒரு “ம்” வந்தது. தாழ்வாக, ஆசையாக. கதை கேட்கிற பிள்ளை கொட்டுவதுபோல.

இரண்டு பேருமே அது காதில் விழாத மாதிரி இருந்தார்கள்.

பெண் போலீஸ் வந்தார். முத்திரை வைத்த உறைகளை நர்ஸ் அவர் கையிலேயே கொடுத்தாள். கூட வந்த போலீஸார் கணவனை நடையிலிருந்து அழைத்துப் போனார்கள். அவன் குடையை மறந்துவிட்டுப் போனான். போலீஸ் போன் பண்ணவே, பெண்ணின் அக்கா செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள். “ஏண்டி, ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று திட்டிக்கொண்டே தங்கையைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் போலீஸ் வண்டியில் ஏறிப் போனார்கள்.

நர்ஸ் அறைக்குத் திரும்பினாள். தரையில் விரித்த தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாயிற்று. அதற்கு அடியில் போட்டிருந்த இன்னொரு தாள் அப்படியே கிடந்தது. தரையின் அழுக்கு மேல் தாளில் ஒட்டக் கூடாது என்பதற்காக அடியில் போடுகிற தாள். அதன்மேல் யாரும் நிற்க மாட்டார்கள்.

யாரோ நின்றிருந்தார்கள்.

வெறுங்காலின் ஈரம். சிறிய பாதங்கள். சல்லடை மூடியின் பக்கமிருந்து வந்து, தாளின் நடுவில் சேர்ந்து நின்று, விரல்கள் நர்ஸின் ஸ்டூலை நோக்கியிருந்தன. வரிசையில் தன் முறைக்காக நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அவள் கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். ஃபினாயில் அக்கா சொன்னது அப்போதுதான் அவளுக்குள் வேறு மாதிரி கேட்டது.

கேக்க ஆளில்லாதது எல்லாம் இங்க வரும்.

புரட்டிப் புரட்டிக் கழுவியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்டதில்லை. உயிரோடு இருந்தபோது யாராவது கேட்டிருந்தால், இந்த ஈரக் காலுக்குரியவள் இந்தத் தரைக்கே வந்திருக்க மாட்டாளோ என்னவோ. பிறகு ஒருநாள் யாரோ ஒருத்தி இந்த அறைக்குள் வந்து, தன்மையான குரலில், தொடலாமா என்று கேட்டிருக்கிறாள். தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அந்தக் குரல் பதில் சொல்லியிருக்கிறது. அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் வேறு யாரையோ தொட்டிருக்கிறாள்.

இன்றைக்கு உங்களைக் கேட்கவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியும்விட்டாள்.

செத்தவங்களுக்கு எதுக்கும்மா நர்ஸு?

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அலமாரியிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தாள். புதுக் கையுறை மாட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

தாள் மெல்ல நனைந்தது. முதலில் குதிகால். பிறகு விரல்கள்.

“இப்ப உங்களத்தான் கேக்கறேன்” என்றாள். “தொடலாமா?”

பதில் உடனே வரவில்லை. இவ்வளவு நாளும் முந்திக்கொண்டு வந்த பதில், இப்போது யோசித்தது.

“ம்.”

அவள் கையை நீட்டினாள். காற்றில் ஓரிடத்தில் கை நின்றது. கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது. விரலுக்கடியில் நனைந்த தோல் இருந்தது. காதுக்குக் கீழே, சரியாக அதே இடத்தில், ஒரு கட்டைவிரல் அழுந்திய பள்ளம்.

“இங்க வலிக்குதா?”

“ம்.”

அப்போது கதவு திறந்தது. வாசலில் ஃபினாயில் அக்கா, ஒரு கையில் வாளி, ஒரு கையில் மாப். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இல்லாத காற்றில் ஒரு கழுத்தின் அளவுக்கு இரண்டு கைகளையும் வளைத்துப் பிடித்திருந்தாள். எதிரே வெள்ளைத் தாளில் இரண்டு ஈரப் பாதங்கள். நர்ஸ் அந்தக் கழுத்தைச் சற்று நிமிர்த்தியபோது, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்ட எம்புகிறவள் போல, குதிகாலின் ஈரம் மட்டும் தாளிலிருந்து விலகியது.

“அடுத்தது கண்ணு” என்றாள் நர்ஸ், பொறுமையாக. “இமையத் தூக்கிப் பாக்கலாமா?”

“ம்.”

ஃபினாயில் அக்கா வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். மாப்பைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நீளமான நடையில் போய்விட்டார்.